மூணு அதிகாரமும் ஒரு லேடீஸ் சீட்டும்

"ஏனுங்க... இது லேடீஸ் சீட்டு. எந்திரிங்க."

எடவப்பாதி என்கிற ஜூன் மாத மழையில் முக்கால்வாசி நனைந்து, நல்லேப்பிள்ளி ஸ்டாப்பில் ஏறிய அனுப்பிரியா, சொட்டும் குடையோடு அந்த சீட்டில் இருந்த இளைஞன் முன்னால் நின்றாள். அவன் மடியில் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை கைடு விரிந்திருந்தது. அரசியலமைப்புப் பாடம். தலையை நிமிர்த்தவே இல்லை.

"சட்டம் போட்டது சட்டசபை. அத நடத்த வேண்டியது கண்டக்டர். தகராறுன்னா கோர்ட்டு. இதுல நீங்க யாரு... மூணுமா?"

பஸ்ஸே சிரித்தது. அனுப்பிரியா திரும்பிக் கண்டக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து ஒற்றை விரலை அசைத்தார். அவன் எழுந்தான். எழுந்தபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்...

காலேஜ் டூரில் மூணாறு போயிருந்தபோது, மழை விட்டதும் தேயிலைச் சரிவில் திடீரென்று ஒரு வெயில் அடித்தது. அந்த வெயில் இந்தச் சித்தூர் பஸ்ஸுக்குள் எப்படி வந்தது?

வெயில் வந்த வழி அவள் போகும் கோச்சிங் வகுப்பில் தெரிந்தது. பக்கத்து பெஞ்சு. பெயர் லிபின். மூணாறு பக்கத்து இடுக்கி எஸ்டேட்காரன். கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறான். அன்றிலிருந்து பஸ் காலியாகக் கிடந்தாலும் அவள் சீட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். உட்காரச் சொன்னால், தீர்ப்பு இன்னும் அமுலில் இருக்கிறதே என்பான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

எடவப்பாதி போய், ஐப்பசியின் துலா மழை வந்தது. ஒருநாள் சித்தூர் ஸ்டாண்டில், பஸ் டயரைப் பார்த்துக்கொண்டே மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டான். அப்பாவைக் கேட்க வேண்டும் என்றாள் அவள். அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும்...

"உங்க மனசுல என்னன்னு கேட்டா, அப்பா பேரச் சொல்லுதீங்க."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. அவள் அன்று மாலையே அப்பாவிடம் பேச்சை எடுத்தாள்.

அப்பா கந்தப்பன் சாதாரண ஆளா? பத்து ஏக்கர் நெல்லும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர். டிவியில் எந்தச் சேனல் என்று சட்டம் போடுவதும் அவர்தான். ரிமோட்டைக் கையில் வைத்திருப்பதும் அவர்தான். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவரேதான். வேதக்காரப் பையன், கிறிஸ்தவன் என்று கேட்டதும் மூன்று அதிகாரமும் ஒன்றாக எழுந்து நின்று மாட்டேன் என்றது.

அனுப்பிரியா அழவில்லை. ஒருத்தர் கையிலேயே எல்லாம் இருந்தால் அது ராஜாங்கம், நியாயம் இல்லை என்றாள். சட்டத்தை அப்பா சொல்லட்டும், அம்மா அதன்படி செய்யட்டும், தீர்ப்பை மாரியம்மன் கொடுக்கட்டும்... பூக் கேட்கலாமா?

கந்தப்பனுக்குப் பரம திருப்தி. அம்மன் தன் கட்சி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே கூடாது என்று சட்டம் போட்டார். அம்மா ஜானகியம்மாள் அரளிப் பூவை இலையில் மடித்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

கந்தப்பன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். அனுப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மீதிப் பூவைத் தலையில் வைக்கலாம் என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தாள்...

அதுவும் வெள்ளை.

அம்மா அவசரமாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற லிபினிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். நிர்வாகம் நீதிமன்றத்துக்குள் கையை விட்டுவிட்டது, அப்பாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். இந்த ஒரு தடவை விட்டுவிடக் கூடாதா என்று அவன் கெஞ்சினான். சொன்னால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் இவனையே சீட்டிலிருந்து எழுப்பியவள் அல்லவா...

"சரி, நானும் வாரேன். நின்னுக்கிட்டு வாரது எனக்குப் பழக்கந்தானே."

கூடத்தில் கந்தப்பன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அனுப்பிரியா இரண்டு பொட்டலத்தையும் அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள... ரெண்டுலயும் செவப்ப வெய்யின்னுதான உன்கிட்டச் சொன்னேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"சொன்னீங்க," என்றாள் ஜானகியம்மாள், நிதானமாக. "செவ்வரளி கெடைக்கலீங்க."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வேலி நெடுகச் செவ்வரளி மழையில் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

லிபின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அனுப்பிரியா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். இனி ஆத்தாகிட்ட மறுபடி கேட்க எந்த முகத்தோடு போவது என்று தனக்குள்ளே முனகினார். பிறகு மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

"இத்தன கூத்துலயும் உன்னைய யாருமே கேக்கல. நீ என்னம்மணி சொல்ற?"

அவளுக்கு அந்த அரசியலமைப்புப் பாடத்தின் முதல் வரி நினைவுக்கு வந்தது. மூன்று அதிகாரமும் பிறகுதான்... எல்லாம் தொடங்குவது மக்களிடம். அந்த மக்கள் வாயைத் திறக்காமலே இருந்தால்?

"எனக்கு அவரப் புடிச்சிருக்குதுங்கப்பா..." கண் லிபினை விட்டு நகரவில்லை. "அன்னிக்கு பஸ்ஸுல எந்திரிச்சாரே... அப்பவே புடிச்சிருச்சுங்க."

திடீர் பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவன் போல லிபின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை மாதமாக அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை... அப்பா, அம்மா, மின்விசிறி எல்லாரையும் சாட்சி வைத்துக்கொண்டு வந்துவிட்டது.

கந்தப்பன் காப்பி ஒரு டம்ளர் அதிகமாகப் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

லிபின் இன்னும் நின்றுகொண்டே இருந்தான்.

அனுப்பிரியா ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க... இது லேடீஸ் சீட்டில்லீங்க."