ஆடுகள் சொன்ன மாதம்

பம்பாய் ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் சிவசுப்பிரமணியன் மாமாவிடமிருந்து சண்முகசுந்தரிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆறாம் வகுப்புக்காரிக்குத் தனியாக ஒரு கடிதம்! அண்ணன் குத்தாலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"சத்தமாப் படி ஏட்டி. நானும் கேக்கேன்."

மாமா எழுதியிருந்தார்: 'இங்கே நண்பர்களோடு சேர்ந்து, கயிறு கட்டிப் பாறை ஏறப் பழகிவிட்டேன். நம்ம ஊர் குதிரைப்பாறையில் ஏற ஆசை. உன்னையும் கூட்டிப் போவேன். ஆனால் எனக்கு வருஷத்துக்கு ஒரே தடவைதான் லீவு. எந்த மாதம் நல்லது என்று விசாரித்து இந்த வாரமே எழுது. மாதம் தப்பினால் அடுத்த வருஷம்தான்.'

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? அருவி கொட்டுத சீசன்லதான் வரணும். ஆடி!" என்றான் அண்ணன்.

அம்மாவும் அதையே சொன்னாள். பால்காரரும் அதையே சொன்னார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தென்காசிக்காரர்கள் ஆடி என்றுதான் சொல்வார்கள்.

'அது அருவியில் குளிக்க. பாறை ஏறவுமா?' சுந்தரிக்குச் சந்தேகம்.

அப்போது ஆனி மாதம். சாரல் பூப்போலத் தூறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அண்ணனை இழுத்துக்கொண்டு குதிரைப்பாறைக்குப் போனாள். இடுப்பு உயரம்தான் ஏறியிருப்பாள். சர்ரென்று வழுக்கிக் கீழே வந்து உட்கார்ந்தாள். பாவாடையெல்லாம் பச்சைப் பாசி.

யாரோ சிரித்தார்கள். ஆடு மேய்க்கும் பேராச்சி அக்கா. அவளுடைய ஆடுகள் மரத்தடியில் ஒண்டி நின்றன. ஒன்றுகூடப் பாறையில் இல்லை.

"அக்கா, ஆடுக ஏன் பாறையில ஏறல?"

"வழுக்கும்னு அதுகளுக்குத் தெரியும். ஒனக்குத்தான் தெரியல."

"அப்போ எந்த மாசம் ஏறும்?"

பேராச்சி வாயில் கை வைத்தாள். "இப்படி யாரும் கேட்டதில்ல தாயி!"

"ஐப்பசியில?"

"இடி மழை. நானே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"சித்திரை?"

"கல்லு கொதிக்கும். பத்து மணிக்கு முன்னால குளம்பு சுட்டு ஓடி வந்துரும்."

"தை?"

"அய்யோ, பொங்கல் கழிஞ்சா உச்சியில போய் நின்னுக்கிடும். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் இறங்காது!"

அன்று மாலை சுந்தரி பதில் எழுதினாள். 'மாமா, ஆடியில் அருவி கொட்டும், பாறை வழுக்கும். தையில் பாறை காய்ந்திருக்கும், அருவி நூல்போல விழும். ஏறுவதற்கு என்றால் தை.'

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆட்டைக் கேட்டு லீவு போடச் சொல்லுதா!"

பொங்கல் கழிந்து நாலாம் நாள் விடியும்போது மாமாவும் பிள்ளைகளும் பாறையடியில் நின்றார்கள். மாமா பாறையைத் தடவினார். கை நனைந்தது.

"என்ன சுந்தரி, ஈரமால்லா இருக்கு?"

சுந்தரியும் தொட்டுப் பார்த்தாள். ஈரம்தான். மாமாவின் ஒரே லீவு! அண்ணன் வாயைத் திறக்கப் போனான். அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். ஆடுகள் கீழேயே மேய்ந்துகொண்டிருந்தன.

"இது பனி ஈரம் மாமா. கொஞ்சம் பொறுங்க. ஆடு ஏறட்டும்."

மூவரும் உட்கார்ந்து அம்மா கட்டித் தந்த இட்லியைத் தின்றார்கள். வெயில் மெல்லப் பாறைமேல் இறங்கியது. முதலில் ஒரு கறுப்பு ஆடு துள்ளி ஏறியது. பின்னாலேயே ஏழெட்டு.

மாமா எழுந்து மறுபடி தடவினார். காய்ந்து சொரசொரவென்று இருந்தது. "சபாஷ்!" என்று கயிற்றை அவிழ்த்தார்.

மாமா முதலில் ஏறி மேலிருந்து கயிற்றைப் பிடிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். உச்சியில் காற்று வீசியது. தூரத்தில், அந்நாளில் உச்சி இடிந்து நின்ற தென்காசியின் மொட்டைக் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது. சுந்தரி சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே குதித்தாள். அண்ணனோ கீழே எட்டிப் பார்த்துவிட்டு, பாறையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏட்டி சுந்தரி," என்றான் மெதுவாக, "ஏறுததுக்கு மாசம் பாத்தே. இறங்குததுக்கு எந்த மாசம் நல்லது?"

"இதே மாசம்தான். கல்லு சுடுததுக்குள்ள வா அண்ணே," என்று சுந்தரி கையை நீட்டினாள்.