உர்சுலாவின் பங்கு

ஹார்க்லீ மாளிகைக்குச் சிபில் வந்து சேர்ந்தபோது நடுப்பகல்தான். ஆனால் சதுப்பு நிலத்திலிருந்து எழுந்த மூடுபனி வெயிலை முழுசாக விழுங்கியிருந்தது. குதிரையின் காதுகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பிறந்த வீட்டு வாசலைக் குதிரைதான் கண்டுபிடித்து நின்றது.

அப்பாவை அடக்கம் செய்து சில நாட்களே ஆகியிருந்தன. ஆண் வாரிசு கிடையாது. மாளிகை, வயல், ஆலை, மேய்ச்சல் நிலம் எல்லாம் இரண்டு மகள்களுக்கும் சரிபாதி. பாகம் பிரிக்கத்தான் அவளை வரச் சொல்லியிருந்தார்கள்.

கூடத்தில் அக்கா தாமசின், கறுப்பு உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் அம்ப்ரோஸ் கணப்புக்கு முன்னால் காலை நீட்டியிருந்தான். வக்கீல் கிரேன் மேசையில் மெழுகை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வாடி. முதல்ல வேலை முடியட்டும், அப்புறமா அழுதுக்கலாம்" என்றாள் தாமசின்.

"என்ன கொழுந்தியா, சூடா ஏதாவது குடிக்கிறியா? இல்ல, பங்கு கைக்கு வந்தாத்தான் தொண்டையில எறங்குமா?" என்று சிரித்தான் அம்ப்ரோஸ்.

சிபில் கையுறைகளைக் கழற்றினாள். கூடத்தில் எரியும் கட்டையின் வாசனை, நனைந்த நாயின் வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. தூர்வாரிய குளத்துச் சேற்றின் வாடை.

"உர்சுலா எங்க, அக்கா?"

நடுவில் பிறந்தவள் உர்சுலா. சிறு வயதிலேயே கன்னிமடத்தில் சேர்ந்தவள். அரசர் மடங்களை மூடியபோது, போக்கிடமில்லாமல் இந்த வீட்டுக்கே திரும்பியிருந்தாள்.

"போன குளிர்காலமே போயிட்டான்னு சொல்லி அனுப்பினேனே. பழைய மடத்து ஆளுங்ககூட இருக்கா."

"அப்பா சாவுக்குக்கூட வரலையே."

"செத்தவ எப்படி வருவா?" என்றான் அம்ப்ரோஸ்.

சட்டம் அப்படித்தான் சொன்னது. மடத்தில் சபதம் எடுத்த பெண் அன்றே செத்தவள். மடம் போனாலும் அந்தச் சாவு போகாது, சொத்தில் பங்கும் வராது. வக்கீல் தலையை ஆட்டினார். தாமசின் மட்டும் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

கிரேன் இரண்டு தோல் நறுக்குகளில் இரண்டு பங்குகளையும் எழுதி, மெழுகு உருண்டைகளுக்குள் வைத்து மூடினார். இரண்டையும் தன் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார். மூத்தவள் முதலில் எடுக்க வேண்டும். தாமசின் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

சிபில் தொப்பிக்குள் கையை விட்டாள்.

விரல்களில் இரண்டு உருண்டைகள் தட்டுப்பட்டன.

ஒன்று கணப்பருகே உருட்டிய இளஞ்சூட்டோடு இருந்தது. மற்றது பனிக்கட்டிபோலச் சில்லிட்டது. அவள் இளஞ்சூடானதை எடுத்துக்கொண்டு கையை இழுத்தாள்.

"அக்கா... உள்ள இன்னொண்ணு இருக்கு."

கிரேன் தொப்பியைக் கவிழ்த்தார். கறுத்த உருண்டை ஒன்று மேசையில் விழுந்தது. "நான் ரெண்டுதான் போட்டேன்" என்றார்.

"சின்னவ ஏதோ வித்தை காட்டுறா" என்று அம்ப்ரோஸ் கத்தியை எடுத்து அதை இரண்டாகப் பிளந்தான்.

உள்ளே நறுக்கு இல்லை. கறுப்புத் தண்ணீர் வந்தது. அந்த உருண்டை கொள்ளாத அளவுக்கு, நிற்காமல் வந்தது. மேசை சிபில் பக்கம்தான் லேசாகச் சரிந்திருந்தது. ஆனால் தண்ணீர் மேட்டில் ஏறி, வளைந்து, தாமசினின் மடியில் போய்ச் சொட்டியது.



"கதவைத் திறந்துடலாம்னுதான் இருந்தேன்" என்றாள் தாமசின்.

அவளை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"எந்தக் கதவு?" என்றாள் சிபில்.

"அப்பா படுக்கையில இருந்தாரு. எந்நேரமும் உர்சுலா பேருதான். அவளுக்கும் ஒரு பங்கு எழுதப்போறேன்னாரு. எனக்கு ஆத்திரம். சாயங்காலம் பனி கொட்டிட்டிருந்தப்போ வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். ரொம்ப நேரம் தட்டினா. ஒரு ராத்திரி தொழுவத்துல கெடந்தா புத்தி வரும்னு நெனச்சேன். காலையில பார்த்தா ஆளைக் காணோம். எங்கயோ போயிட்டான்னு..." மடியில் நிறைந்த நீரை அவள் துடைக்கக்கூட இல்லை. "சத்தியமா அப்படித்தான்டி நெனச்சேன்."

குளத்துச் சேற்றின் அந்த வாடை இப்போது மேசைத் தண்ணீரிலிருந்து வந்தது. சிபில் எழுந்து வேலையாட்களைக் கூப்பிட்டாள். மாளிகைக்குப் பின்னாலிருந்த மீன் குளத்தின் மதகைத் திறக்கச் சொன்னாள்.

தண்ணீர் வடிய நேரமாயிற்று. சேற்றில் கெண்டைகள் துள்ளும் சத்தம் பனிமூட்டத்துக்குள் கேட்டது. பிறகு ஒருவன் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு பின்வாங்கினான். மதகின் அடியில், மக்கிய கம்பளி அங்கிக்குள், எலும்புகள் கிடந்தன. பனியில் வழி தெரியாமல், உறைந்த குளத்தைத் தரையென்று நினைத்து நடந்து, பனிக்கட்டி உடைந்து விழுந்திருக்கிறாள். முகம் வீட்டைப் பார்த்திருந்தது.

அவளை அப்பாவின் அருகில் அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்ததும் சிபில் வக்கீலிடம் சொன்னாள்: "குளமும் அதை ஒட்டின புல்வெளியும் எங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம் ஐயா. அது உர்சுலாவோடது."

"சட்டத்துல அப்படி ஒரு பங்கே கிடையாதும்மா."

"இருக்கறதுலயே நல்ல புல்வெளி!" அம்ப்ரோஸ் துள்ளினான். "செத்தவளுக்கு எதுக்கு?"

"எழுதுங்க" என்றாள் தாமசின். "அவ கேக்குறா. குடுத்துடுங்க."

அம்ப்ரோஸ் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காலியாகக் கிடந்த நாற்காலியிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

மாளிகை தாமசினுக்கும் ஆலை வீடு சிபிலுக்கும் போயின. புல்வெளியை யாரும் தொடவில்லை. வசந்தத்தில் ஹாப் என்றொரு வெளியூர்க்காரன் அங்கே ஆடு மேய்க்க அனுமதி கேட்டான். சிபில் சும்மா மேய்த்துக்கொள்ளச் சொன்னாள். அவனுக்கு ஊர்க்கதை எதுவும் தெரியாது.

புனித மிக்கேல் திருநாளன்று காலையில், குத்தகைக்காரர்கள் வருடக் குத்தகையோடு வாத்தும் கொண்டுவரும் நேரத்தில், ஹாப் சிபிலின் வாசலில் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"உன்கிட்ட நான் எதுவும் கேக்கலையே, ஹாப்."

"தெரியும்மா. ஆனா நிலத்துக்காரங்களைச் சும்மா விட மனசு வருமா? நல்ல கொழுத்த வாத்தா ஒண்ணு கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

"யாருகிட்ட?"

"உங்க நடு அக்காவாம், அவங்ககிட்டதான். மதகு மேல நின்னுட்டிருந்தாங்க. இது என் நிலம்ப்பான்னாங்க, சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க. பாவம், கை அப்படிச் சில்லுன்னு இருந்துச்சு." அவன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டான். "உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்கம்மா. முதல்ல பெரிய அக்காவைப் பாத்துட்டு, அப்புறமா இங்க வர்றாங்களாம்."

சிபில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஹார்க்லீ பக்கமிருந்து கோயில் மணி கேட்கத் தொடங்கியது. திருநாள் மணி இல்லை. பெண் ஒருத்தி இறந்தால் அடிக்கும் மணி.

மணி ஓயும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு வேலைக்காரியைக் கூப்பிட்டாள்.

"இனிமே வாசக்கதவைத் தாழ் போடாத" என்றாள். "யார் வந்தாலும் உள்ள வரட்டும்."