ஓடு கிடைத்தவர் கழுவ வேண்டும்

மர அறுவை மில்லில் வெர்னாவின் அப்பாவுக்கு இடது கை போய் ஐம்பத்தோரு நாள் ஆகியிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாதான் ஆறவில்லை.

படுக்கையறையை விட்டு அவர் வெளியே வருவதே இல்லை. அம்மா கதவருகே தட்டு வைப்பாள். வைத்தது பெரும்பாலும் வைத்தபடியே இருக்கும். ஆணியில் மாட்டிய மாதிரி சட்டை அவர் உடம்பில் தொங்கியது.

முன்பெல்லாம் காலைக் கஞ்சி அப்பாவின் வேலை. தண்ணீர் கொதித்ததும் உப்பு, ஓட்ஸ், ஒரு நிமிடக் கிளறல், மூடி. இறக்கியதும் மேலே காய்ந்த ஆப்பிள் துண்டு, கொஞ்சம் சோளப்பாகு, ஒரு பிடி கறுப்பு வால்நட். மில்லின் முதல் சங்குக்கும் இரண்டாம் சங்குக்கும் நடுவில் நாலு கிண்ணமும் மேசைக்கு வந்துவிடும்.

கறுப்பு வால்நட்டை எவ்வளவு பொறுக்கினாலும் ஒரு ஓட்டுச் சில்லு தப்பிவிடும். அது யார் பல்லில் கடிபடுகிறதோ அவர்தான் அன்றைக்கு எல்லாக் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட அந்தச் சட்டம் தளரவில்லை. போட்டவர் அப்பா.

இப்போது பத்து வயது வெர்னாதான் கஞ்சி செய்தாள். கொட்டை மட்டும் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் தம்பி ஓட்டிஸ் கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். கஞ்சி விழவில்லை.

"இது கஞ்சியா, சுவர்ல காகிதம் ஒட்டுற பசையா?"

"பசையா இருந்தா இந்நேரம் உன் வாய் ஒட்டியிருக்கும். சாப்பிடு."

அம்மா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். கோழி வெட்டும் ஆலையில் அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை. "கொட்டகையில ஒரு மூட்டை வால்நட் கிடக்கு. உடைக்கத்தான் ஆள் இல்ல" என்றாள். பிறகு படுக்கையறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்தும் ஒரு வாய் சாப்பிடல. இப்படியே போனா மனுஷன் செத்துப் போயிடுவாரு, வெர்னா."

பிள்ளைகளிடம் மறைத்துப் பேசும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை.

அவள் போனதும் வெர்னா சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போனாள். அந்த மலைக்காட்டு வால்நட் கடையில் விற்கும் சாதி அல்ல. கல். ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஓங்கி அடிக்க வேண்டும்.

முதல் அடிக்குக் கொட்டை உருண்டு ஓடியது. "அக்கா, ஓடுது! பிடி, பிடி!" என்று ஓட்டிஸ் குதித்தான். பிடித்தாள். இரண்டாவது அடி கட்டைவிரலில் விழுந்தது.

"பிடிச்சாத்தான்டா விரல் போகுது!"

கத்திய பிறகுதான் நினைவு வந்தது. தலைக்கு மேலே அப்பாவின் ஜன்னல். திரை லேசாக அசைந்தது.

வெர்னா விரலைச் சப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிடிக்காமல் உடைக்க முடிந்தால் ஒரு கை போதுமே!

அப்பாவின் கருவிப் பெட்டியில் குட்டையான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று இருந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள். அதன் வாயில் கொட்டை ஆடாமல் உட்கார்ந்தது. ஆனால் எத்தனை அடி அடித்தும் ஓடு அசையவில்லை. அவள் கைக்கு அவ்வளவு பலம் இல்லை.

மரக்கட்டை, குழாய், சுத்தியல், மூட்டை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போனாள்; ஓட்டிஸும் பின்னாலேயே வந்தான். கதவைத் தட்டவில்லை. உள்ளே வியர்வை நாற்றம். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அப்பா, கொட்டை உடையல."

"அம்மாகிட்ட சொல்லு."

"அம்மா வேலைக்குப் போயாச்சு."

"எனக்குக் கை இல்ல, வெர்னா."

"சுத்தியலுக்கு ஒரு கை போதும். பிடிக்கிற வேலையை இரும்பு பாத்துக்கும்."

அப்பா மெல்லத் திரும்பினார். குழாயைப் பார்த்தார். "இதை யார் சொல்லிக் குடுத்தா?"

"இவன்தான்." வெர்னா நீலம் பாரித்த கட்டைவிரலை நீட்டினாள்.

அப்பா எழுந்து தரையில் உட்கார்ந்தார். அடித்தார். குறி தவறியது. கொட்டை பறந்து போய் அலமாரியில் மோதியது. அவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிச் சுத்தியலை வீசி எறிந்தார். ஓட்டிஸ் ஓடியே போய்விட்டான்.

வெர்னா கட்டிலுக்கு அடியில் நுழைந்து சுத்தியலை எடுத்து வந்தாள். குழாய் மேல் இன்னொரு கொட்டையை வைத்தாள்.

"மூட்டையில இன்னும் நிறைய இருக்கு."

அடுத்த அடியில் ஓடு பிளந்தது.

மத்தியானத்துக்குள் ஒரு பாத்திரம் நிறைந்தது. முடிந்ததும் அப்பா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வெர்னா சாயங்காலம் வரை ஆணியால் பருப்பைத் தோண்டிப் பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். ஆப்பிள், பாகு, மேலே வால்நட். அம்மா வழக்கம்போலத் தட்டை எடுத்தாள்.

"தட்டு வேண்டாம்மா. அப்பா வரட்டும்."

"வரலன்னா?"

"ஆறிப்போகும்."

நாலாவது கிண்ணத்தில் ஆவி குறைந்துகொண்டே வந்தது. ஓட்டிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கதவு கிறீச்சிட்டது.

அப்பா வந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

கடக்!

அப்பா வாயிலிருந்து ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார்.

"விடு க்ளைட், நான் கழுவுறேன்" என்று அம்மா அவசரமாக எழுந்தாள்.

வெர்னா தலை நிமிராமல் கஞ்சியைக் கிளறினாள். "ஓடு அப்பாவுக்குத்தானே கிடைச்சுது? அப்பாதான் கழுவணும்."

அம்மாவின் முகம் வெளுத்தது. அப்பா மகளை வெகுநேரம் பார்த்தார்.

"நீ பொறுக்கின லட்சணம் அப்படி" என்றார்.

"நீ உடைச்ச லட்சணம்."

அப்பாவின் வாயோரம் லேசாகக் கோணியது. தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு எழுந்து தொட்டிக்குப் போனார். தேய்க்கத் தேய்க்கக் கிண்ணம் பம்பரமாகச் சுற்றியது. ஒருமுறை கை நழுவி 'டணங்' என்று விழுந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு துணியை நனைத்துத் தொட்டியின் அடியில் விரித்தார். கிண்ணம் நின்றது.

அடுத்து வெர்னாவின் கிண்ணம் தொட்டிக்குப் போனது. அம்மாவின் கிண்ணமும் போனது.

"டேய் ஓட்டிஸ்! எவ்வளவு நேரம்டா நான் இங்கயே நிக்கிறது? சீக்கிரம் கொண்டா!"

ஐம்பத்திரண்டு நாளில் அந்தச் சமையலறையில் அப்பா போட்ட முதல் சத்தம் அது. ஓட்டிஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, மிச்சக் கஞ்சியை மடமடவென்று விழுங்கினான்.