தம்பியின் அறைக் காற்று

மிதுஷனின் உடுப்புகளை அம்மா ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். வைப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அவனை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போகிறார்கள். நேசமலர் பெரியம்மா வீட்டில் தங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் போவான்.

"அக்காவும் என்னோட வருவாவோ?" என்று கேட்டான் மிதுஷன். அவனுக்கு ஆறு வயது. அம்மா அடுத்த சட்டையை எடுத்து மடித்தார்.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. தை பிறந்து காய்ந்த காற்று வீசத் தொடங்கினால் மிதுஷனுக்கு முட்டு வந்துவிடும். மூச்சை இழுத்து இழுத்து விடுவான். நெஞ்சுக்குள் விசில் கேட்கும். போதாததற்குப் பக்கத்துக் காணியில் பழைய வீட்டை இடித்தார்கள். ஒரே தூசி. அதனால்தான் போன வருடம் அப்பா அவன் அறைக்கு ஏசி பூட்டி, யன்னலை இறுக்கிச் சாத்தினார். ஆனால் இந்த வருடம் முட்டு இன்னும் கூடிவிட்டது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தது.

"கொழும்புக் காத்து இவனுக்கு ஒத்து வரேல்லை. நானும் எல்லாம் செய்து பாத்திட்டன்," என்றார் அப்பா. அவர் குரலில் உயிரே இல்லை.

தம்பி இல்லாத வீட்டைப் பதினொரு வயது தாரிகாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "எந்த நேரம் கூடுது?" என்று டொக்டர் கேட்டபோது வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாதது அவள் நினைவுக்கு வந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் தம்பியையே கவனித்தாள். பள்ளிக்கூட வான் வண்டியில் அவன் வாய் ஓயாமல் கதைத்தான். குசினியில் புட்டுச் சாப்பிடும்போதும் நன்றாகத்தான் இருந்தான். அறைக்குள் போய் ஏசியைப் போட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, விசில் தொடங்கியது. மூன்று நாளும் அப்படியே.

புதன் மாலை தாரிகா ஏசிக்குக் கீழே நின்று முகர்ந்து பார்த்தாள். ஈரத் துணியைப் பல நாள் மூடி வைத்த மணம்.

"அப்பா, இதை ஒருக்காத் திறந்து பாப்பமே?"

"சும்மா இரு பிள்ளை. அவனுக்கெண்டே வாங்கினது அது."

"நான் மூண்டு நாள் பாத்தனான் அப்பா. அறைக்குள்ள போனாத்தான் வருது."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எழுந்து போய் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கதிரையில் ஏறி, ஏசியின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே காற்றை வடிகட்டும் வலை தெரியவேயில்லை. சாம்பல் நிறத் தூசி கம்பளி போல அதை மூடியிருந்தது.

"ஐயோ, எலித் தோல் மாதிரிக் கிடக்கு!" என்று வாசலில் இருந்து கத்தினான் மிதுஷன். அம்மா அவனை இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு கிழமைக்கு ஒருக்காக் கழுவச் சொன்னவங்கள். மறந்தே போனன். ஒரு வருசமா நான்தான் பிள்ளைக்கு இதை ஊதி விட்டிருக்கிறன்."

அப்பா அழுது தாரிகா இதற்கு முன் பார்த்ததில்லை. அவர் கையில் இருந்த வலையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கோ அப்பா, கழுவுவம்."

மறுநாள் ஏசி திருத்துபவர் வந்து உள்பக்கத்தையும் கழுவினார். அரை வாளி கறுப்புத் தண்ணீர் வந்தது. தாரிகாவும் அம்மாவும் மின்விசிறியைத் துடைத்தார்கள். திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றையும் தோய்த்தார்கள்.

அன்று மாலையும் விசில் கேட்டது.

"பாத்தியே, ஒண்டும் மாறேல்லை," என்று சொல்லி அம்மா பையைப் பூட்டினார். தாரிகா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை விசில் மெதுவாகக் கேட்டது. சனி காலை அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்தார். விசில் இல்லை. வைத்த காதை எடுக்கவேயில்லை.

"கூசுது அம்மா!" என்று நெளிந்தான் மிதுஷன்.

ஆஸ்பத்திரியில் டொக்டரும் கேட்டுப் பார்த்தார். "மூச்சுக்கு இழுக்கிற பம்பை விடக்கூடாது. ஏசி வலையையும் ஒழுங்காக் கழுவுங்கோ. இப்ப இவனை எங்கேயும் அனுப்பத் தேவையில்லை."

வெளியே வந்ததும் அப்பா நேசமலர் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, நாளைக்கு ஸ்டேசனுக்கு வராதேங்கோ," என்றார்.

வீடு வந்தபோது மின்சாரம் இல்லை. லிஃப்ட் ஓடவில்லை. பிள்ளைகள் இருவரும் படிகளில் ஓடினார்கள்.

"நான்தான் முதல்!" மூன்றாம் மாடியில் இருந்து மிதுஷனின் குரல் கட்டிடம் முழுவதும் கேட்டது.

தாரிகா விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையாகவே தோற்றுப்போனாள்.