இடக்கைப் பக்கம் தண்ணீர்த் தாங்கி

வில்லரேயில் அன்று சனிக்கிழமை பிற்பகல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவநேசம் சப்பாத்தைக் கழற்றிக் கதவருகே வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் அவருக்கு வேலை. அங்கே பொதி ஏற்றும் ரதீசன்தான் அவரை அழைத்து வந்திருந்தார்.

எதிரே இருந்த வீட்டுக்காரி யோசெப்பின் முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பின், போரின் முடிவில் சரணடைந்து முகாம்களில் அடைபட்டவர்களைப் பற்றிய சாட்சியங்களைத் திரட்டிவந்தார். லீவு நாள்களில் அவருக்கு ரதீசன்தான் துணை.

"என்ர அவர் விமலநாதன், தபால் கந்தோரில கிளாக்கர்," என்றார் சிவநேசம். "சரணடையேக்க ஆம்பிளையளை வேறயாப் பிரிச்சுக் கொண்டுபோனவங்கள். பதினாறு வருசமா ஒரு தகவலும் இல்லை. இப்ப அரியரத்தினம் எண்டு ஒருத்தர், கோயில் மண்டபத்தில நான் ஒட்டியிருந்த அவற்ர படத்தைப் பாத்திட்டுப் போன் எடுத்தவர். முகாமில கூட இருந்தவராம். என்ர அவர் காய்ச்சலில செத்திட்டாராம். உண்மையெண்டால் வாற வெள்ளி கிரியை செய்யவேணும். பொய்யெண்டால்..."

அந்த மனிதர் போனில் சொன்னதைச் சிவநேசம் ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். யோசெப்பின் அதை மெல்ல வாசித்தார்.

"பள்ளிக்கூட வளவில வரிசையா இருத்தினவங்கள். தண்ணித் தாங்கி இடக்கைப் பக்கம். காலமை வெய்யில் கண்ணுக்குள்ள குத்தினது. விமலநாதன் எனக்கு முன்வரிசை. இடப்புருவம் வெடிச்சு ரத்தம் காய்ஞ்சிருந்தது. மூண்டு மாசத்தால காய்ச்சலில போயிட்டார்."

"புருவக் காயம் சரியோ?"

"ஓம். சரணடையிறதுக்கு முதல்நாள் ஷெல் பட்டது. நான்தான் துடைச்சுவிட்டனான்."

சிவநேசம் போனபின் ரதீசன் அந்தப் பள்ளிக்கூடத்துச் சாட்சியக் கோப்பை எடுத்து வேகமாகப் புரட்டினார். "அக்கா, ஆள் பொய். பத்தொன்பது பேர் சாட்சி சொல்லியிருக்கினம். எல்லாருக்கும் தாங்கி வலக்கைப் பக்கம். வெய்யில் முதுகைச் சுட்டதாம். இந்தாள் அந்த வளவை மிதிச்சே இருக்கமாட்டார்."

"மிதிக்காத ஆளுக்குப் புருவக் காயம் எப்பிடித் தெரியும்?"

ரதீசன் கோப்பை மூடினார்.

"அரியரத்தினத்தை நாளைக்கு வரச்சொல்லுங்கோ, சிவநேசத்தையும்," என்றார் யோசெப்பின்.

அரியரத்தினம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சிவநேசத்தின் முகத்தைப் பார்க்காமலே அமர்ந்தார்.

"கையைப் பிடரியில கட்டி, தலை திருப்பக்கூடாதெண்டு இருத்தினவங்கள். சரியோ?" என்று கேட்டார் யோசெப்பின்.

"ஓம்."

"அப்ப முன்வரிசையில இருந்தவற்ர பிடரிதான் உங்களுக்குத் தெரியும். புருவத்தை எப்பிடிக் கண்டனீங்கள்?"

அவர் எழும்பப்போவதுபோல் கோட்டின் பொத்தானைப் போட்டார்.

"மூண்டு மாசம் கூட இருந்ததாச் சொல்லுறீங்கள். ஆனா அந்த ஒரு காலமையைத் தவிர வேற ஒண்டும் சொல்லேல்லை. வரிசையில இருந்த எல்லாருக்கும் தாங்கி வலப்பக்கம், வெய்யில் முதுகுப்பக்கம். உங்களுக்கு ரெண்டும் மாறியிருக்கு. நீங்கள் அந்த வளவிலதான் இருந்தனீங்கள். ஆனா வரிசைக்குள்ள இல்லை. வரிசையைப் பாத்தபடி, முன்னால இருந்தனீங்கள்."

ரதீசன் நிமிர்ந்தார். "ஆமிக்காரனோ?"

"இல்லை. அங்க முன்னால இருந்த தமிழ் ஆள் ஒருத்தர்தான். பத்தொன்பது பேரும் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கினம். தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவர் தலையாட்டினால் அந்த ஆளை எழுப்பிக்கொண்டு போவாங்கள்."

தலையாட்டி. அந்தச் சொல்லை அறையில் யாரும் உச்சரிக்கவில்லை.

"என்ர தம்பியைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள்," என்றார் அரியரத்தினம். "பத்துப் பேரைக் காட்டினால் விடுறமெண்டாங்கள். தெரிஞ்ச முகங்களுக்கு என்னால ஆட்டேலாமல் போச்சு. தெரியாத முகங்களாப் பாத்து ஆட்டினன். உங்கட அவரை எனக்கு முன்பின் தெரியாது, அக்கா. எழுப்பிப் பேர் கேட்டாங்கள். அப்பதான் பேரே தெரியும்."

"தம்பியை விட்டாங்களோ?" என்று கேட்டார் யோசெப்பின்.

"விடேல்லை."

சிவநேசம் கேட்டார். "காய்ச்சல் எண்டது?"

"பொய். வெள்ளை பஸ் ஒண்டில ஏத்தினதைத்தான் கண்டனான். பிறகு தெரியாது. உங்களுக்கு ஒரு முடிவு கிடைக்கட்டும் எண்டு..."

"அந்த முடிவை நீங்கள் தரவேண்டாம்," என்றார் சிவநேசம். குரல் உயரவில்லை. "வெள்ளிக்கிழமை கிரியை இல்லை."

ரதீசன் கோபத்தோடு எழுந்து கதவைத் திறக்கப் போனார். சிவநேசம் தடுத்தார். "இருக்கட்டும். அவரைக் கடைசியாக் கண்ட ஆள் இவர்தான். வேற சாட்சி எனக்கு இல்லை."

யோசெப்பின் தாளையும் பேனையையும் அரியரத்தினத்தின் முன் நகர்த்தினார். "உங்கட சொந்தப் பேரில. திகதி, பஸ், ஏத்தின ஆக்கள். எல்லாம்."

அரியரத்தினம் ஒரு மணி நேரம் எழுதினார். ஒரு தரம் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. கையெழுத்து வைக்கப் போனபோது சிவநேசம் கேட்டார்.

"பேர் கேட்டவங்கள் எண்டனீங்கள். அவர் எப்பிடிச் சொன்னவர்?"

அரியரத்தினம் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "தெளிவா. பேந்து, அவங்கள் கேளாமலே உங்கட பேரையும் சொன்னவர். பெஞ்சாதி சிவநேசம், பொம்பிளையளின்ர வரிசையில நிக்கிறா, அவவுக்குச் சொல்லுங்கோ எண்டு."

சிவநேசம் தாளை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதையும் எழுதுங்கோ," என்றார்.