வெஸ்லி தாண்டாத ஏழாவது லெவல்

வெஸ்லியை அடக்கம் செய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மார்ச் மாதச் சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. அவனுடைய அம்மா மார்வா போனில் கூப்பிட்டதால் போனேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. வாசலில் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றினேன். அவனுடைய பூட்ஸ் இன்னும் அங்கேயே இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நானும் வெஸ்லியும் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய வீடியோ கடைக்கு ஓடுவோம். ஒரே கேமைத்தான் வாடகைக்கு எடுப்போம். கவசம் போட்ட வீரன் ஒரு கோபுரத்தில் ஏற வேண்டும். மூன்று உயிர். மூன்றும் போனால் மறுபடி அடியிலிருந்து. ஏழாவது லெவலை நாங்கள் தாண்டியதே இல்லை. பிறகு அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நான்கே நாளில் போய்விட்டான்.

மார்வா அதே கேமை எடுத்து வந்திருந்தார். அடித்தள அறையில் என்னை டிவி முன்னால் உட்காரவைத்தார். தன்னால் முதல் லெவலையே தாண்ட முடியவில்லை என்றார். ஏழாவதுக்கு மேலே பையன் பார்க்க ஆசைப்பட்டது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

விளையாடினேன். ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளி வாசனை. ஒரு மணி நேரத்தில் ஏழாவது லெவல் வந்தது.

"இங்கதான் ஆன்ட்டி, அவன் எப்பவும் செத்துப்போவான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மார்வா கோபப்படவில்லை. "எப்படி?" என்றார்.

"அவசரம். வௌவால் போறதுக்குள்ள குதிச்சிடுவான்."

அப்போதுதான் தைல வாசனை வந்தது. சளி பிடித்தால் அவன் மார்பில் தடவிக்கொண்டு வரும் தைலம்.

மார்வா என் வலப்பக்கம் இருந்தார்.

மூச்சு இடது காதில் பட்டது.

"இரு... இரு..."

கேம் பொத்தான் மேல் என் விரல் விறைத்தது.

"இப்ப."

குதித்தேன். தாண்டிவிட்டேன்.

எட்டாவதிலும் அதே படிகள்தான். வௌவாலுக்கு மட்டும் வேறு நிறம். அங்கே மூன்று உயிரும் போயின.

"இவ்வளவுதானா?" என்று மார்வா கேட்டார்.

மேலே இன்னும் இருக்கும் என்றேன். தலையசைத்துவிட்டு டிவியை அணைத்தார்.

சமையலறையில் தக்காளி சூப்பும் சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும் கொடுத்தார். காதில் கேட்டதைச் சொல்ல வாயெடுத்தேன்.

கீழே பொத்தான்கள் அழுந்தும் சத்தம் கேட்டது.

வேகமாக. விடாமல்.

மார்வா சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"ஆன்ட்டி, டிவியை அணைச்சீங்கதானே?"

"அணைச்சேன்." அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் மட்டும் உட்கார்ந்தா வரமாட்டேங்கறான், ஜோலீன். அஞ்சு வாரமா பார்த்துட்டேன். கேம் திங்கட்கிழமை வரைக்கும் நம்மகிட்டதான் இருக்கு. நாளைக்கும் வர்றியா?"

கீழே சத்தம் நின்றது.