விற்றுத் தீர்ந்த காலி நாற்காலிகள்

"அத்தனை டிக்கெட்டும் வித்தாச்சு சார். ஆனா ஆள் வரல. முன்னூறு நாற்காலி காலி. நான் மொத்தமா பிளாக்ல தள்ளிட்டேன்னு மானேஜர் சொல்றாரு. நாளைக்குள்ள பதில் சொல்லலன்னா வேலை போயிடும்."

கால்பந்து மைதானத்தின் டிக்கெட் கவுன்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள் இதைச் சொல்லிவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் வைத்திருந்தாள். எதிரில், ஊரார் நிதானம் என்று கூப்பிடுகிறவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைத் துருவிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாததால் அந்தப் பெயர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, பைக் மெக்கானிக், நாற்காலி நுனியில் துடித்துக்கொண்டிருந்தான்.

"பிளாக் கும்பல்தான் மாமா. எனக்குத் தெரியாத மைதானமா? மூணு வருஷமா பெரிய ஆட்டம் ரெண்டையும் விட்டதே இல்ல."

"மத்த ஆட்டம்?"

"அதெல்லாம் யாரு பாப்பாங்க? கத்துக்குட்டி டீமுங்க."

நிதானம் தலையசைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மதிய வெயிலில் மேற்குப் பக்கப் படிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மூன்று வாரத்துக்கு முன் பெய்த மழையின் சேறு சில நாற்காலிகளில் காய்ந்து, பொருக்குத் தட்டி அப்படியே இருந்தது. அடுத்தடுத்த நாற்காலிகளோ உட்கார்ந்தவர்கள் துடைத்துப் பளபளவென்று இருந்தன.

"மழைக்கு அப்புறம் எத்தனை ஆட்டம் நடந்துச்சும்மா?"

"ரெண்டு சார். ரெண்டுமே சின்ன ஆட்டம்."

"சேறு படிஞ்ச நாற்காலி நம்பரைப் படி மாப்ள. நான் எழுதிக்கிறேன்."

மெக்கானிக் கணீரென்று படித்தான். நாற்பது எண்கள். ஏழாம் வரிசையில் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரல் தொண்டைக்குள் போனது. நிதானம் "ம்" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில் கவுன்டருக்கு மேலிருந்த விலைப் பலகையை நின்று படித்தார். சின்ன ஆட்டம் நூறு. பெரிய ஆட்டம் நானூறு. பதினைந்து ஆட்டத்துக்கும் சேர்த்து சீசன் கார்டு எழுநூறு.

"மானேஜர் ரூமுக்குப் போலாமா?" என்றார்.

மானேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "கவுன்டர்ல ஹவுஸ்ஃபுல்னு ஜனத்தத் திருப்பி அனுப்புறாங்க. உள்ள பாத்தா காலி. பிளாக்ல போகாம எங்க போச்சாம்?"

"பிளாக்ல வாங்குறவன் விக்கத்தானே வாங்குறான்? விக்கலன்னா கேட்ல நின்னு பாதி விலைக்காவது தள்ளிடுவான். காசு போட்டுட்டு நாற்காலிய காத்தாட விடுறவன் வியாபாரி இல்ல சார்." நிதானம் தானாகவே உட்கார்ந்தார். "இன்னொண்ணு. ரெண்டு ஆட்டத்துலயும் அதே நாற்காலிதான் காலி. சேறு சொல்லுது. தனித்தனியா விக்கிற டிக்கெட்டுன்னா காலி நாற்காலி ஆட்டத்துக்கு ஆட்டம் மாறணும். மாறலன்னா, சீசன் முழுக்க அதுக்கு ஒரே சொந்தக்காரர். கார்டு நோட்டை எடும்மா."

கவுன்டர்காரி நோட்டைப் பிரித்தாள். மானேஜர் விரல் வைத்துப் பார்த்தார். நாற்பதில் முப்பத்தெட்டு, கார்டு வாங்கியவர்களுடையது. ஏழாம் வரிசையில் விரல் நின்றது. அவர் அந்தப் பெயரைப் படித்ததும் மெக்கானிக் தலையைக் குனிந்தான்.

"உன் பேருதான் மாப்ள," என்றார் நிதானம். "அந்தக் கார்டைக் காட்டு."

அவன் காதுமடல் சிவந்தது. பர்சிலிருந்து கார்டு வந்தது. அதில் ஆட்டத்துக்கு ஒன்றாக இருந்த பதினைந்து சீட்டில் ஒன்றுதான் கிழிக்கப்பட்டிருந்தது.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா. சேத்து வச்ச காசு. ரெண்டு பெரிய ஆட்டத்துக்குத் தனித்தனியா வாங்கினா எண்ணூறு ஆவுது. கார்டே எழுநூறுதான். மிச்ச பதிமூணு ஆட்டம் ஓசி மாதிரி. ஓசிய நேரம் இருந்தா பாக்கலாம், இல்லன்னா போவட்டும்."



"பலகையில விலை போட்டது யாரு சார்?" நிதானம் மெதுவாகக் கேட்டார்.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான். பெரிய ஆட்டத்துக்குக் கூட்டம் அம்முதேன்னு இந்த வருஷம் இருநூறை நானூறாக்கினேன். கார்டு விலையத் தொடல. ஜனம் கார்டை அள்ளிட்டுப் போச்சு, எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"கேட்ல எத்தனை சீட்டு கிழியுதுன்னு எண்ணுறீங்களா?"

"வித்ததத்தான் எண்ணுவோம். வந்தத எதுக்கு எண்ணணும்?"

"அங்கதான் சறுக்கிட்டீங்க. நூறு ரூபா குடுத்து சின்ன ஆட்டம் பாக்க வந்தவனைத் திருப்பி அனுப்பி, வராத இவனுக்கு நாற்காலிய காவல் காத்திருக்கீங்க. இதுல இந்தப் பொண்ணு எங்க வந்தா?"

மானேஜர் நோட்டை மூடினார். பிறகு எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். "தப்பு என்னுதும்மா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. உக்காரு. அடுத்த வருஷம் கார்ட ஆயிரத்து ஐந்நூறு ஆக்கிடவா?"

அவள் முதல் முறையாக நிமிர்ந்தாள். "பதினஞ்சு ஆட்டத்துக்கும் குடும்பத்தோட வர்றவங்க இருக்காங்க சார். அவங்க வயித்துல அடிக்கிறதா? வராதவங்க முந்தின நாளே சொன்னா நாற்காலிய நாமளே வேற ஆளுக்கு வித்து, பாதிக் காசு அவங்களுக்குத் தரலாம்."

"அப்போ நான் நாலு கார்டு வாங்குவேன். பதிமூணு சின்ன ஆட்டத்தையும் திருப்பிக் குடுத்தா கார்டுக்கு அறுநூத்தம்பது கைக்கு வந்துடும்," என்றான் மெக்கானிக், யோசிக்காமல்.

"பாத்தியா? இவன மாதிரி ஊர்ல எத்தனை பேரு," என்றார் மானேஜர்.

நிதானம் சிரித்தபடி எழுந்து செருப்பைத் தேடினார். அவர் வேலை முடிந்துவிட்டது. உள்ளே மூன்று பேரும் மேசையில் காகிதத்தை விரித்து இன்னும் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். விலையை ஏற்றினால் உண்மையான ரசிகன் போய்விடுவான். திருப்பி வாங்கினால் மெக்கானிக் வியாபாரியாகிவிடுவான். அந்தப் பேனா உங்கள் கையில் இருந்தால், கார்டுக்கு என்ன விலை போடுவீர்கள்?